இருபது அணிகளை வரிசைப்படுத்துவது: பிரீமியர் லீக் 2025/26 தொடங்குமுன் ஒரு கணக்கு

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து வாலிபர் சங்கத்தில் போட்டி ஒன்று வைக்கிறார்கள். பிரீமியர் லீக் அணிகள் இருபதையும் 1 முதல் 20 வரை வரிசையாக எழுதி, முதல் ஆட்டத்துக்கு முன் கொடுத்துவிட வேண்டும். 2026 மே 24ஆம் திகதி லீக் முடியும்போது ஒவ்வொரு அணியும் நாம் எழுதிய இடத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி நிற்கிறதோ அத்தனை குற்றப்புள்ளி. குறைவாக எடுப்பவருக்குப் பரிசு. கேட்கும் தம்பி லிவர்பூல் ரசிகர். போன வருடப் பட்டியலையே கொஞ்சம் முன்பின் மாற்றி எழுதினால் போதுமா, எந்த அணியை எங்கே வைப்பது என்பது அவர் கேள்வி.

பதில் (2025 ஆகஸ்ட் 13 நிலவரப்படி):

போன வருடப் பட்டியலில் தொடங்குவது சரிதான் தம்பி. ஆனால் புள்ளி எழுதிய கட்டத்தை விரலால் மறைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் கோல் வித்தியாசத்தை (போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) மட்டும் பாருங்கள். ஒரு அணி எவ்வளவு நல்லது என்பதைப் புள்ளியைவிட அதுதான் ஒழுங்காகச் சொல்லும். ஒரு கோலில் வென்றாலும் ஐந்து கோலில் வென்றாலும் புள்ளி மூன்றுதான். கடைசி நிமிடத்தில் கம்பத்தில் பட்டு உள்ளே போன பந்துக்கும் அதே மூன்று. போன வருடம் அப்படிப் பட்டு உள்ளே போனது இந்த வருடம் பட்டு வெளியே வரும்.

கையில் ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 38 ஆட்ட லீக்கில் கோல் வித்தியாசத்தை 0.65ஆல் பெருக்கி 52ஐக் கூட்டினால், அந்த அணிக்கு நியாயமாக வரவேண்டிய புள்ளி ஏறத்தாழ வரும். 2024/25இல் போட்டுப் பாருங்கள். லிவர்பூல் 86 கோல் போட்டு 41 வாங்கியது, வித்தியாசம் 45. கணக்கு 81 என்கிறது, எடுத்தது 84. ஆர்சனல் 69க்கு 34, வித்தியாசம் 35. கணக்கு 75, எடுத்தது 74. அடியில் கிடந்த சவுத்தம்டன் 26க்கு 86. கணக்கு 13, எடுத்தது 12. மேலேயும் கீழேயும் பொருந்துகிறது என்றால், எங்கே பொருந்தவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய இடம்.

முதலாவது டொட்டன்ஹம். 17ஆவது இடம், 38 புள்ளி, 22 தோல்வி. ஆனால் போட்டது 64, வாங்கியது 65. வித்தியாசம் வெறும் மைனஸ் 1. கணக்குப்படி 51 புள்ளி வந்திருக்க வேண்டும். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கழகப் போட்டியான யூரோப்பா கிண்ணத்தின் மேல் கண்ணை வைத்து, கடைசி மாதங்களில் லீக்கைக் கைவிட்டார்கள். மே 21இல் பில்பாவோவில் மன்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்தார்கள். ஆகவே அது 17ஆவது இடத்து அணி அல்ல, மேலே தூக்க வேண்டும். இரண்டாவது அஸ்டன் வில்லா. 58க்கு 51, வித்தியாசம் 7. கணக்கு 56 அல்லது 57 என்கிறது, எடுத்ததோ 66. பத்துப் புள்ளி மிதப்பு. கொஞ்சம் இறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது நொட்டிங்ஹம் ஃபொரெஸ்ட்டும் போர்ன்மத்தும். இரண்டும் போட்டது 58, வாங்கியது 46. எழுத்துக்கு எழுத்து ஒரே கணக்கு. ஆனால் ஃபொரெஸ்ட்டுக்கு 65 புள்ளி, 7ஆவது இடம், ஐரோப்பியப் பயணம். போர்ன்மத்துக்கு 56 புள்ளி, 9ஆவது இடம். அந்த 9 புள்ளி ஆட்டத்தின் தரத்தில் வந்த இடைவெளி அல்ல, கோல்கள் எந்தெந்த ஆட்டத்தில் விழுந்தன என்பதில் வந்தது. புள்ளியைப் பார்த்து எழுதுகிறவர் ஃபொரெஸ்ட்டை 6, 7 என்று வைப்பார். நீங்கள் 10 என்று வையுங்கள்.

இதுவரை போன வருடக் கதை. இனி இந்த வருடத்துக்கு வருவோம்.

பேப்பரிலும் ஃபோனிலும் யார் வந்தார், எத்தனை மில்லியனுக்கு வந்தார் என்பதுதான் பெரிதாக வரும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது யார் போனார் என்பதை. வந்தவர் என்ன செய்வார் என்பது ஊகம். போனவர் என்ன செய்தார் என்பது எழுதி வைத்த கணக்கு. ஒவ்வொரு அணிக்கும் இரண்டு கேள்வி போதும். போன வருடக் கோல்களில் எத்தனை வெளியே போய்விட்டது? பின்வரிசை ஐந்து பேரில், கீப்பரையும் சேர்த்துத்தான், எத்தனை பேர் அதே ஆட்கள்?

முதல் கேள்விக்குப் பிரென்ட்ஃபோர்ட் நல்ல உதாரணம். 66 கோல் போட்ட அணி. அதில் எம்பூமோ 20, விஸ்ஸா 19. இரண்டு பேர் மட்டும் 39, பாதிக்கு மேல். எம்பூமோ யுனைடெட்டுக்குப் போய்விட்டார். விஸ்ஸா நியூகாஸலுக்குப் போகத் துடித்துக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார். கப்டன் நோர்கார்ட் ஆர்சனலில். கீப்பர் ஃபிளெக்கன் ஜெர்மனிக்கு. பயிற்றுநர் தோமஸ் ஃபிராங்க் டொட்டன்ஹமில். அவருடைய கதிரையில் இருப்பவர் கீத் அன்ட்ரூஸ், போன வருடம் அங்கே கோர்னர், ஃபிரீ கிக் போன்றவற்றுக்கான பயிற்றுநர், தலைமைப் பொறுப்பு இதுதான் முதல் தடவை. லிவர்பூலிலிருந்து கெலஹர் கீப்பராக வந்திருக்கிறார், நல்ல ஆள்தான். ஆனால் தலையும் காலும் ஒரே கோடையில் மாறிய அணியை 10ஆவது இடத்தில் விட்டுவைக்க முடியாது. 16.

வுல்வ்ஸும் அதே நோயாளி. 54 கோலில் 15 போட்ட குனியா யுனைடெட்டில், இடது பக்கத்து ஐத் நூரி மன்செஸ்டர் சிட்டியில், வலது பக்கத்து செமெடோவும் இல்லை. 69 கோல் வாங்கிய அணி அது. முன்னால் போடுகிறவரையும் விற்றுவிட்டால் மிச்சம் என்ன?

இரண்டாவது கேள்விக்குப் போர்ன்மத்தைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். 15ஆம் திகதி உங்கள் லிவர்பூலோடு முதல் ஆட்டம் ஆடப்போவதும் அவர்கள்தானே. போன வருடம் 46 மட்டும் வாங்கிய பின்வரிசையில் கீப்பர் கெப்பா இரவல் ஆள், இப்போது ஆர்சனலில். நடுவில் நின்ற ஹுய்சன் ரியல் மட்ரிட்டில். அவர் பக்கத்தில் நின்ற சபார்னி நேற்று பாரிஸ் அணியான பிஎஸ்ஜியில். இடது பக்கத்துக் கெர்கெஸ் லிவர்பூலிலேயே. ஐந்தில் நான்கு போய்விட்டது. பதிலுக்குச் செல்சியிலிருந்து கீப்பர் பெட்ரோவிச், ரென்னிலிருந்து ட்ரூஃபே, லீலிலிருந்து டியாகிட்டே. ஆட்கள் மோசமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்றுநர் இராவோலாவின் ஆட்டம் முன்னால் போய் நெருக்கும் ஆட்டம். முன்வரிசை எதிராளியின் பெட்டிக்குப் பக்கத்திலேயே பந்தைப் பறிக்கப் பாயும். அப்போது பின்வரிசை பாதிக்கோடு வரை ஏறி நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வயல் மாதிரி வெளி கிடக்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும். ஒருவர் இரண்டு எட்டுப் பிந்தினால் ஓஃப்சைட் கோடு உடைந்துவிடும், அவருக்குப் பின்னால் பந்து விழும். இது திறமையில் வருவதல்ல, பழக்கத்தில் வருவது. ஒன்றாக ஆடி மாதக்கணக்கானால்தான் கூடிவரும்.

வெள்ளி இரவு ஆட்டத்தைப் பார்ப்பீர்களானால் பந்தைப் பார்க்காமல் ஒரு பத்து நிமிடம் இடது பக்கத்து ட்ரூஃபேயை மட்டும் பாருங்கள். சலாஹ் ஓடுவது அவர் பக்கம்தான். அவர் ஏறும்போது பக்கத்து நடு ஆளும் ஏறுகிறாரா, பின்தங்குகிறாரா என்று கவனித்தாலே போர்ன்மத்தின் முதல் மூன்று மாதம் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

லிவர்பூலுக்கும் இதே தராசுதான், ரசிகர் என்று தள்ளுபடி கிடையாது. விர்ட்ஸ் 100 மில்லியன் பவுண், மேலே 16 வரை கூடலாம். எகிடிகே, ஃபிரிம்போங், கெர்கெஸ் எல்லாரும் நல்ல வாங்கல். போனவர்களைப் பாருங்கள்: அலெக்சாண்டர் ஆர்னோல்ட், லூயிஸ் டியாஸ், நுனியெஸ், குவான்சா. ஜூலை 3இல் ஸ்பெயினில் நடந்த வீதி விபத்தில் ஜோட்டா இறந்துபோனதை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. அது அந்த உடைமாற்றும் அறையில் எப்படி இருக்கும் என்பதை அவர்கள்தான் அறிவார்கள். ஆட்டமாகப் பார்த்தால் இரண்டு பக்கத்துப் பின்வரிசையும் புதிது, இரண்டு பேருமே முன்னால் ஓடப் பிறந்தவர்கள். நடுவில் வான் டைக், கொனாட்டே, கோமெஸ் என்று முறையான ஆள் மூன்று பேர்தான். வான் டைக்குக்கு 34 வயது. அவர்களுக்கு முன்னால் குடை பிடிக்கிற கிராவன்பெர்க் தடை காரணமாக முதல் ஆட்டத்தில் இல்லை. 10ஆம் திகதி வெம்பிளியில், லீக் தொடங்குமுன் நடக்கும் ஒற்றை ஆட்டமான கொம்யூனிட்டி ஷீல்டில், கிறிஸ்டல் பெலஸோடு இரண்டு தடவை முன்னால் போய் இரண்டு தடவையும் திருப்பி வாங்கி, 2-2 ஆகி, பெனால்டியில் தோற்றதில் தெரிந்த ஓட்டை இதுதான். முதல் ஆட்டத்தில் லிவர்பூல் வெல்லும், ஆனால் கோல் வாங்காமல் வெல்லும் என்று பந்தயம் கட்டாதீர்கள்.

அந்தக் கொம்யூனிட்டி ஷீல்ட் முடிவை மட்டும் தனியாக எடுத்து அழவும் வேண்டாம், ஆடவும் வேண்டாம். 2019 முதல் 2024 வரை ஆறு வருடம் ஷீல்ட் எடுத்த எந்த அணியும் அந்த வருட லீக்கை எடுக்கவில்லை. மற்றச் சினேகபூர்வ ஆட்டங்கள் அதைவிட மோசமான சாட்சி. ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்துப் பேரை மாற்றி ஆடுவதில் ஸ்கோருக்கு அர்த்தமில்லை. முதல் பாதியில் யார் யார் சேர்ந்து இறங்கினார்கள், கோர்னர் அடிப்பது யார் என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்தவர்களுக்கு எவ்வளவு கூட்டுவது? மழை நாளில் தோட்டத்து மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக்கென்று கிலோ கழிப்பார்களே, அதேபோல வேறு நாட்டு லீக்கில் போட்ட கோலுக்குக் கழிக்க வேண்டும். இங்கிலாந்துக்குள்ளேயே அணி மாறியவருக்கு அவ்வளவு கழிக்கத் தேவையில்லை, அவர் காய்ந்த கொழுந்து. ஆர்சனலுக்கு வந்த யோகரெஸ் போர்த்துக்கல் லீக்கில் போன வருடம் 39 கோல். அதே லீக்கில் 2021/22இல் 26 போட்டுவிட்டு வந்த நுனியெஸ், லிவர்பூலில் முதல் வருடம் லீக்கில் போட்டது 9. ஆகவே யோகரெஸுக்குப் பாதிக்குப் பாதி கழியுங்கள். அப்படிக் கழித்தாலும் 19 வருகிறது. போன வருடம் ஆர்சனலில் லீக்கில் அதிகம் போட்ட ஹவர்ட்ஸ் 9தான் போட்டார் என்பதை நினைத்தால் அந்தப் பாதியே பெரிய லாபம்.

ஆர்சனலை நான் முதலில் வைக்கும் காரணம் யோகரெஸ் மட்டுமல்ல. 2023/24இல் 29, 2024/25இல் 34 என்று இரண்டு வருடமும் லீக்கிலேயே குறைவாகக் கோல் வாங்கிய அணி அது. அந்தப் பின்வரிசை அப்படியே இருக்கிறது. போனவர்களில் பெரிய பெயர்கள் பார்ட்டியும் ஜோர்ஜின்யோவும், அந்த இடத்துக்குச் சுபிமெண்டி வந்துவிட்டார். அவர்களைக் கெடுத்தது தோல்வி அல்ல. தோற்றது 4 ஆட்டம், லிவர்பூலும் அதே 4தான். சமநிலைதான் கெடுத்தது, 14 ஆட்டம். அதில் ஐந்தை வெற்றியாக மாற்ற ஒரு ஆள் போதும். காயம்தான் பயம். போன வருடம் சாகா, ஹவர்ட்ஸ், ஜேசுஸ் மூன்று பேரும் மாதக்கணக்கில் படுத்தார்கள். தொடக்கமும் கரடு: யுனைடெட் வெளியே, ஆகஸ்ட் 31இல் லிவர்பூல் வெளியே, செப்டெம்பரில் சிட்டி வீட்டில், நியூகாஸல் வெளியே. செப்டெம்பர் முடிவில் ஆர்சனல் 5ஆவது இடத்தில் கிடந்தாலும் தாளைக் கிழிக்க வேண்டாம். எல்லாரும் எல்லாரையும் இரண்டு தடவை ஆடித்தான் தீரவேண்டும், அட்டவணையின் வரிசை உங்கள் போட்டிக்கு ஒரு பொருட்டல்ல.

மன்செஸ்டர் சிட்டி கவ்வாத்து வெட்டிய, அதாவது தேயிலைச் செடியைக் கட்டையாக வெட்டிவிட்ட மலை. வேர் நல்லது, ஆனால் வெட்டின கையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. டி புருய்னே இல்லை, வோக்கர் இல்லை, கிரீலிஷ் எவர்ட்டனுக்கு இரவல். ஜனவரி இடமாற்றக் காலத்தில் வந்தவர்கள் மர்மூஷ், குசானோவ், நிக்கோ கொன்சாலெஸ். கோடையில் ரெய்ண்டர்ஸ், செர்க்கி, ஐத் நூரி, ட்ராஃபோர்ட். ஒரு வருடத்துக்குள் பாதி அணி புதிது. ரொட்ரி 2024 செப்டெம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து விழுந்த பிறகு இன்னும் பழைய ஓட்டத்துக்கு வரவில்லை. அவர் 30 ஆட்டம் ஆடினால் சிட்டி கிண்ணத்துக்குப் போட்டி, 15 ஆடினால் 4ஆவது. நடுவில் 3 என்று எழுதுங்கள்.

அடுத்தது கால். திறமையைப் பற்றிச் சொல்லவில்லை, களைப்பைப் பற்றிச் சொல்கிறேன். செல்சி போன சீசனில் கழக உலகக் கிண்ணத்தையும் சேர்த்து 64 ஆட்டம் ஆடியது. ஜூலை 13இல் பிஎஸ்ஜியை 3-0 என்று அடித்துக் கிண்ணம் எடுத்து, 35 நாளில், ஆகஸ்ட் 17இல் பெலஸோடு லீக் தொடங்குகிறது. விடுமுறையைக் கழித்தால் பயிற்சிக்கு மிஞ்சுவது இரண்டு கிழமை. நடுப் பின்வரிசைக் கொல்வில் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்து பெரும்பகுதி சீசனை இழக்கிறார். இது ஆகஸ்டில் தெரியாது. நவம்பர், டிசம்பரில் தொடைத் தசை பிடிக்கத் தொடங்கும்போது தெரியும். ஆனாலும் ஆள் பலம் அதிகம், 4க்குக் கீழே இறக்க மனம் வரவில்லை.

நியூகாஸலை இந்தக் கண்ணாடியால் பாருங்கள். 2022/23இல் ஐரோப்பிய ஆட்டம் இல்லை, 71 புள்ளி, 4ஆவது இடம். அடுத்த வருடம் ஐரோப்பாவின் முதல்நிலைக் கழகப் போட்டியான சம்பியன்ஸ் லீக் ஆடப் போனார்கள், காயம் வரிசையாக வந்தது, 60 புள்ளி, 7ஆவது. போன வருடம் மறுபடி ஐரோப்பா இல்லை, 66 புள்ளி, 5ஆவது, லீக் கிண்ணமும் கையில். இந்த வருடம் மறுபடி சம்பியன்ஸ் லீக். அதோடு 23 கோல் போட்ட ஐசாக் லிவர்பூலுக்குப் போகவேண்டும் என்று அடம் பிடிக்கிறார். லிவர்பூல் கொடுக்க முன்வந்த 110 மில்லியனை நியூகாஸல் மறுத்துவிட்டது. கணக்கிலிருந்து ஆறு புள்ளி கழித்தால் 60 வரும். அடுத்து நிற்பவர்கள் எல்லாரும் 60க்குள்ளேதான் குவிந்து கிடக்கிறார்கள் என்பதால் 5ஆம் இடம் தங்குகிறது.

யுனைடெட் நேர்மாறு. 15ஆவது இடம், 42 புள்ளி, வெறும் 44 கோல். ஐரோப்பா இல்லை, கிழமைக்கு ஒரு ஆட்டம், செவ்வாய், புதன் எல்லாம் பயிற்சி. வாங்கிய எம்பூமோவும் குனியாவும் இங்கேயே போன வருடம் 35 கோல் போட்ட காய்ந்த கொழுந்து. செஷ்கோவுக்கு மட்டும் தண்ணி கழியுங்கள். ஆனால் பயிற்றுநர் அமோரிமின் 3-4-2-1 என்ற ஆட்ட அமைப்பில் நடுவில் இரண்டே பேர். அங்கே புதிதாக யாரையும் வாங்கவில்லை. மூன்று பேர் வைத்து ஆடும் அணி நடுவில் பந்தைச் சுற்றினால் புரூனோவும் கசெமிரோவும் ஓடிக் களைப்பார்கள். இன்னொரு விடயம், டிசம்பர் 21 முதல் ஜனவரி 18 வரை மொரோக்கோவில் ஆபிரிக்கக் கிண்ணம். எம்பூமோ கமரூனுக்கு, அமாட் ஐவரி கோஸ்டுக்கு. இரண்டு பேருமே வலது பக்கம். ஒரே நேரத்தில் ஒரு பக்கமே காலியாகும். லிவர்பூலுக்கும் அந்த நாட்களில் சலாஹ் இருக்க மாட்டார், எகிப்து நீண்ட தூரம் போனால் ஐந்தாறு லீக் ஆட்டம் போகும். போன வருடம் 29 கோலும் 18 உதவியும் தந்தவர் இல்லாத ஐந்தாறு ஆட்டம் சின்ன விடயமல்ல.

டொட்டன்ஹமை மேலே தூக்கச் சொன்னேன், எவ்வளவு என்பதுதான் கேள்வி. சொன் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். மடிசனுக்கு சோலில் நடந்த சினேகபூர்வ ஆட்டத்தில் முழங்கால் போனது, குலுசெவ்ஸ்கியும் முழங்காலோடு வெளியே. குடுஸும் பலிஞ்யாவும் வந்திருக்கிறார்கள். சம்பியன்ஸ் லீக் வேறு. 5ஆம் இடத்துக்கும் வரலாம், 13க்கும் போகலாம். இப்படிப்பட்ட அணியில்தான் உங்கள் போட்டியின் விதி உதவுகிறது. தூரத்துக்குத் தூரம் குற்றப்புள்ளி என்பதால், 5 என்று எழுதி 13 வந்தால் எட்டுப் போகும். 8 அல்லது 9 என்று எழுதினால் எந்தப் பக்கம் போனாலும் நான்கைந்துக்கு மேல் போகாது. எந்த அணி உங்களைக் குழப்புகிறதோ அதை அதன் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவில் வைத்துவிடுங்கள். தைரியத்தை ஆர்சனல், வுல்வ்ஸ் மாதிரித் தெளிவான இடங்களில் காட்டுங்கள். இதைச் செய்யாமல் பெரிய அணிகளின் பெயருக்காக மேலே மேலே எழுதுகிறவர்கள்தான் இந்த மாதிரிப் போட்டியில் வழக்கமாகத் தோற்பார்கள்.

கீழ்வரிசை சுலபம். கடந்த இரண்டு வருடமும் கீழ்லீக்கிலிருந்து மேலே ஏறி வந்த மூன்று அணியும் கடைசி மூன்று இடத்தில் முடிந்து அப்படியே இறங்கின. 2023/24இல் லூட்டன், பேர்ன்லி, ஷெஃபீல்ட் யுனைடெட். 2024/25இல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தம்டன். அதற்கு முன் மூன்றும் ஒன்றாக இறங்கியது 1997/98இல் ஒரு தடவைதான். தப்பிக்க 40 புள்ளி வேண்டும் என்பது பழைய கதை. போன வருடம் 18ஆவது அணி எடுத்தது 25, முந்தைய வருடம் 26. இந்த வருடம் வருகிறவர்களில் லீட்ஸ் கீழ்லீக்கில் 100 புள்ளியோடு 95 கோல் போட்டது. பேர்ன்லியும் 100 புள்ளி, 46 ஆட்டத்தில் 16 கோல் மட்டும் வாங்கிச் சாதனை. ஆனால் அந்த 16க்குக் காவல் நின்ற கீப்பர் ட்ராஃபோர்ட் இப்போது சிட்டியில். சண்டர்லண்ட் 76 புள்ளியோடு பிளேஓஃப் (மூன்றாவதாக ஏறும் அணியைத் தீர்மானிக்கும் ஆட்டங்கள்) வழியாக வந்தது, ஷாக்கா மாதிரி அனுபவசாலியை வாங்கியிருக்கிறது. ஒன்று தப்பலாம். அப்படித் தப்பினாலும் 18இல் எழுதியது 16, 17இல் முடியும், இரண்டு புள்ளிதான் நட்டம். ஆகவே மூன்றையும் அடியில் எழுதுவது மலிவான காப்புறுதி.

நடுவில் கிடப்பவர்களைப் பற்றி அதிகம் யோசித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃபுல்ஹம் 54 போட்டு 54 வாங்கிய அணி, கோடையிலும் கடைப்பக்கம் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. அதிலிருந்து என்ன எதிர்பார்ப்பீர்கள்? பெலஸ் எஃப்ஏ கிண்ணம் எடுத்தும் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கொன்ஃபரன்ஸ் லீக்கில் விழுந்து, வியாழக்கிழமை எல்லாம் ஊர் சுற்றப் போகிறது. பிரைட்டனுக்கு ஐரோப்பா இல்லாதது நல்லது, ஜுவாவோ பெட்ரோவை விற்றது கெட்டது. வெஸ்ட் ஹாம் குடுஸை விற்றுவிட்டது. எவர்ட்டன் புது மைதானத்தில், கிரீலிஷோடு, கொஞ்சம் ஏறும்.

என் தாள் இப்படி இருக்கும்: 1 ஆர்சனல், 2 லிவர்பூல், 3 மன்செஸ்டர் சிட்டி, 4 செல்சி, 5 நியூகாஸல், 6 மன்செஸ்டர் யுனைடெட், 7 அஸ்டன் வில்லா, 8 டொட்டன்ஹம், 9 பிரைட்டன், 10 ஃபொரெஸ்ட், 11 கிறிஸ்டல் பெலஸ், 12 எவர்ட்டன், 13 போர்ன்மத், 14 ஃபுல்ஹம், 15 வெஸ்ட் ஹாம், 16 பிரென்ட்ஃபோர்ட், 17 வுல்வ்ஸ், 18 லீட்ஸ், 19 சண்டர்லண்ட், 20 பேர்ன்லி.

ஐசாக் லிவர்பூலுக்கு வந்தால் 1ஐயும் 2ஐயும் மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நான் மாற்ற மாட்டேன். லிவர்பூலின் ஓட்டை முன்னால் இல்லை, பின்னால். நல்ல நடுப் பின்வரிசை ஆள் ஒருவர் வந்தால் யோசிப்பேன். ஆனால் ஐசாக் போனால் நியூகாஸலை 5இலிருந்து 8க்கு இறக்கி, யுனைடெட், வில்லா, டொட்டன்ஹமை ஒவ்வொரு இடம் ஏற்றுவேன். விஸ்ஸாவும் போனால் பிரென்ட்ஃபோர்ட் 17, வுல்வ்ஸ் 16. இடமாற்றக் கதவு மூடுவது செப்டெம்பர் 1, நம் நேரம் இரவு 11.30. லீக் தொடங்கி 17 நாள் கழித்து. தாளைக் கொடுக்குமுன் சங்கத்தில் கேளுங்கள்: அன்றிரவுக்குப் பிறகு இரண்டு மாற்றம் அனுமதிப்பார்களா என்று. எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அது நியாயம்தான். இப்போதே பேசி எழுதி வைக்காவிட்டால் செப்டெம்பர் 2ஆம் திகதி சண்டைதான்.

முதல் கிழமை ஆட்ட நேரம், இலங்கை மணிக்கு: லிவர்பூல் - போர்ன்மத் வெள்ளி நள்ளிரவு கழிந்து 12.30, அதாவது சனி காலை வேலைக்குக் கூடும் பெரட்டுக்கு முன்னால் தூங்க வழியில்லை. சனி 5 மணிக்கு வில்லா - நியூகாஸல், 7.30க்கு டொட்டன்ஹம் - பேர்ன்லி உட்பட மூன்று ஆட்டம், 10க்கு வுல்வ்ஸ் - சிட்டி. ஞாயிறு 6.30க்கு செல்சி - பெலஸ், ஃபொரெஸ்ட் - பிரென்ட்ஃபோர்ட், 9க்கு யுனைடெட் - ஆர்சனல். திங்கள் நள்ளிரவு கழிந்து 12.30க்கு லீட்ஸ் - எவர்ட்டன். ஒக்டோபர் 26இல் அங்கே மணியைத் திருப்புவார்கள், அதன்பின் எல்லாம் ஒரு மணித்தியாலம் பிந்தும்.

ஆகஸ்ட் மழையில் டிஷ் படம் உறைந்து நிற்பது வழக்கம். மழைத்துளி சிக்னலைக் குடித்துவிடும், அந்த நேரத்தில் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்பினால் இருந்ததும் போய்விடும். வெள்ளிக்கு முன் வெயில் விழும் ஒரு நேரம் பார்த்து, பெட்டியின் செட்டிங்கில் சிக்னல் குவாலிட்டி எவ்வளவு என்று பாருங்கள். வெயிலிலேயே விளிம்பில் நின்றால் தூறலுக்கே படம் போகும். ஒருவர் திரையைப் பார்த்துச் சொல்ல, மற்றவர் ஒரு விரல் அளவு அசைத்து, ஏறின இடத்தில் நட்டை இறுக்கிவிடுங்கள்.